புயலின் நிறம்: சூப்பர்ஹீரோ திரைப்படங்களும் கறுப்பினத்துக்குள்ளான நிறப் படிநிலையும்



அமெரிக்கச் சூப்பர்ஹீரோ திரைப்படங்களுக்குக் கறுப்பின நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய தோல் நிறத்தின் அடர்த்திக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். ஒரு பாத்திரம் கறுப்பினத்தவருக்குக் கிடைத்ததா என்பது முதல் கேள்வி. நீண்ட போராட்டத்துக்குப் பின் இந்தக் கேள்விக்கு இன்று பல படங்களில் ‘ஆம்’ என்று விடை சொல்ல முடிகிறது. கறுப்பினத்தவருக்குள் யாருக்குக் கிடைத்தது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடையே இரண்டாவது கேள்வியை எழுப்பவிடாமல் தடுத்துவிடுகிறது. ஸ்டுடியோவுக்குத் தேர்வுச் சுதந்திரம் உள்ள இடத்தில், அதுவும் பாத்திரம் பெண்ணாக இருக்கும் இடத்தில், அந்தத் தேர்வு பெரும்பாலும் வெளிர்நிறத்தின் பக்கமே சாய்கிறது என்பது என் வாதம். ஒவ்வொரு தேர்வையும் தனியே எடுத்துப் பார்த்தால் அதற்கு ஏதேனும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் வரிசையில் வைத்தால்தான் சாய்வு கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பாத்திரம், இரு நடிகைகள்

எழுத்தாளர் லென் வெய்னும் ஓவியர் டேவ் காக்ரமும் 1975இல் மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் காமிக்ஸில் ஓரோரோ மன்றோ என்ற பெண்ணை அறிமுகப்படுத்தினார்கள். ஸ்டார்ம் என்பது அவளுடைய வீரப் பெயர். காற்றும் மழையும் இடியும் அவள் ஏவலுக்குக் கட்டுப்பட்டவை. தாய் கென்யாவின் அரசகுலப் பெண். தந்தை அமெரிக்கக் கறுப்பினத்தவர், பத்திரிகைப் புகைப்படக்காரர். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, கெய்ரோவில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, அங்கே நடந்த குண்டுவீச்சில் பெற்றோரைப் பறிகொடுத்து, தெருவில் திருடிப் பிழைத்து, பிறகு தன்னந்தனியாகக் கென்யாவுக்கு நடந்தே சென்று, அங்கே மக்களால் தெய்வமாக வணங்கப்பட்டவள் ஓரோரோ. பின்னாளில் எக்ஸ்-மென் குழுவுக்கே தலைவியானாள். அமெரிக்கக் காமிக்ஸில் கறுப்பினப் பெண்ணுக்கு இத்தனை ஆற்றலும் மரியாதையும் அதற்கு முன் அரிதாகவே கிடைத்திருந்தன.

இந்தப் பாத்திரம் 2000ஆம் ஆண்டு திரைக்கு வந்தபோது ஹாலி பெரி நடித்தார். 2003, 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தொடர்படங்களிலும் அவரே ஸ்டார்ம். 2016இல் வந்த ‘எக்ஸ்-மென்: அபோகாலிப்ஸ்’ படத்துக்கு இளவயது ஸ்டார்ம் தேவைப்பட்டபோது அலெக்ஸாண்ட்ரா ஷிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், 2019இல் ‘டார்க் பீனிக்ஸ்’ படத்திலும் அவர் தொடர்ந்தார். இருவரும் திறமையானவர்கள். இருவரும் கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர்கள், இருவரும் வெளிர்நிறத்தவர்கள். காமிக்ஸில் தாய்வழியும் தந்தைவழியும் கறுப்பினமாகவே வந்த ஒரு பெண், திரையில் இரண்டு தலைமுறையாக ஒரே நிற எல்லைக்குள் நிற்கிறாள். அவள் கெய்ரோவின் தெருவில் நிற்கும் காட்சியிலும் அந்த எல்லை மாறவில்லை.

இந்த இரண்டு தேர்வுகளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டில் சூப்பர்ஹீரோ படங்களின் சந்தை உறுதிப்பட்டிருக்கவில்லை. மக்களுக்குத் தெரிந்த முகம் வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் நினைத்திருக்கலாம், ஹாலி பெரி அப்படிப்பட்ட முகம். 2016இல் அந்தக் கட்டாயம் இல்லை. தொடர் நிலைபெற்றுவிட்டது, தேடியது இளம் நடிகையை, அவருக்கு முன்புகழ் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. லண்டன், நைரோபி, லாகோஸ், அட்லாண்டா என எந்த ஊரின் நாடகப் பள்ளியிலிருந்தும் ஒருவரை அழைத்து வந்திருக்கலாம். ஹாலி பெரியின் இளவயது உருவம் என்று பார்வையாளர் நம்ப வேண்டுமே என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானமே என் வாதத்தின் ஒரு பகுதி. முதலில் நடந்த தேர்வு அடுத்த தேர்வுக்கு அளவுகோலாகிவிடுகிறது. ஒருமுறை வெளிர்நிறம் பாத்திரத்தின் முகமாகிவிட்டால், அதன்பின் அடர்நிறம்தான் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டார்ம் தனித்த நிகழ்வாக இருந்தால் ஓர் உரைக்கு அது பொருளாகாது. 2020இல் வெளிவந்த ‘த நியூ மியூட்டண்ட்ஸ்’ படத்தைப் பாருங்கள். அதில் வரும் ராபர்ட்டோ ட கோஸ்டா, அதாவது சன்ஸ்பாட், 1982இல் உருவான பாத்திரம். பிரேசிலின் கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்த இளைஞன். கால்பந்து ஆட்டத்தில் எதிரணியினர் அவனுடைய நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கும்போதுதான் அவனுடைய ஆற்றல் முதன்முதலாக வெடித்து வெளிப்படுகிறது. அவன் பிறப்புக் கதையின் மையமே நிறம். திரைப்படத்தில் அந்தப் பாத்திரம் வெளிர்நிறமுள்ள பிரேசில் நடிகர் ஒருவருக்குப் போனது. பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓவியர் பாப் மெக்லியோட் இதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அதே படத்தில் வரும் மருத்துவர் சிசீலியா ரெயஸ், காமிக்ஸில் ஆப்பிரிக்க வழிவந்த புவர்ட்டோ ரிக்கோப் பெண். அவளும் திரையில் வெளிர்ந்தாள். நிறத்தால் அடிபட்டவனின் கதையிலிருந்து நிறத்தையே எடுத்துவிட்டால் அவனுடைய கோபத்துக்கு வேர் எது?

வேர்கள்

வெள்ளையர் கறுப்பினத்தவரை ஒதுக்குவது இனப் பாகுபாடு. ஓர் இனத்துக்குள்ளேயே வெளிர்நிறத்தை மேலும் அடர்நிறத்தைக் கீழும் வைப்பது இன்னொரு நோய். ‘கலரிசம்’ என்ற சொல் இதற்கு நிலைபெற எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1982இல் எழுதிய கட்டுரை காரணமாயிற்று. இந்த உரையில் இதை நிறப் படிநிலை என்றே குறிப்பிடுகிறேன். அடிமைமுறையின் கொடுமையில்தான் இது அமெரிக்காவில் முளைத்தது. வர்ஜீனியா காலனி 1662இல் இயற்றிய சட்டம், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்றது. அடிமைப்பெண்ணிடம் பண்ணைச் சொந்தக்காரனுக்குப் பிறந்த குழந்தையும் அடிமையே. தந்தையின் பெயர் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. தோல் மட்டும் சற்று வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு சில இடங்களில் வயல்வேலைக்குப் பதில் வீட்டுவேலையையும், சில நேரங்களில் ஒரு கைத்தொழிலையும், அரிதாக விடுதலையையும் பெற்றுத் தந்தது. வன்முறையின் தடயம் சலுகைக்குச் சீட்டாக மாறிய விந்தை இது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்தச் சீட்டு செல்லுபடியாகிக் கொண்டே இருந்தது.

இன்றும் அது செல்லுபடியாகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வட கரோலினா மாநிலச் சிறைகளில் 1995 முதல் 2009 வரை அடைக்கப்பட்ட 12,000க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் தம் முடிவை 2011இல் வெளியிட்டார்கள். குற்றத்தின் தன்மை போன்ற காரணிகளைக் கணக்கில் கொண்ட பிறகும், வெளிர்நிறத்தவர் என்று பதிவான பெண்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைக் காலம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாக இருந்தது. வேலையிலும் ஊதியத்திலும் இத்தகைய இடைவெளி உண்டென்று பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நீதிமன்றத்திலும் தொழிற்கூடத்திலும் இயங்கும் ஒரு படிநிலை நடிகர் தேர்வு நடக்கும் அறைக்குள் மட்டும் நுழையாது என்று நம்புவதற்கு இடமில்லை.

ஹாலிவுட் அந்தப் படிநிலையைத் தன் தொழில் விதியாகவே மாற்றிக்கொண்டது. 1933இல் வந்த ‘த எம்பரர் ஜோன்ஸ்’ படத்தில் ஃப்ரெடி வாஷிங்டன் என்ற வெளிர்நிறக் கறுப்பின நடிகைக்கு முகத்தைக் கறுக்கச் செய்யும் ஒப்பனை இட்டார்கள். நாயகன் பால் ராப்சன் ஒரு வெள்ளைக்காரியைத் தழுவுவதாகப் பார்வையாளர் எண்ணிவிடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம். 1942இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒப்பந்தமான லீனா ஹார்னுக்கு நேர்ந்தது வேறு. அவருடைய பாடல் காட்சிகளைத் தென்மாநிலத் திரையரங்குகளில் வெட்டி எடுத்துவிட வசதியாகக் கதையோடு ஒட்டாமல் படமாக்கினார்கள். அவருக்கென்று தனி ஒப்பனைக் கலவை உருவாக்கப்பட்டது. 1951இல் ‘ஷோ போட்’ படத்தில் கலப்பினப் பெண் பாத்திரத்தை அவர் விரும்பினார். அது வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போனது. அடர்நிறமுள்ள ஹாட்டி மெக்டேனியலோ 1940இல் ஆஸ்கர் பெற்ற பிறகும் வேலைக்காரி வேடங்களிலேயே நிறுத்தப்பட்டார். ஆக, வெளிர்நிறத்தவருக்கு அழகு உண்டு, கதையில் இடம் உறுதியில்லை. அடர்நிறத்தவருக்குக் கதையில் இடம் உண்டு, அது சமையலறையில். இருவருக்கும் இழைக்கப்பட்டது அநீதிதான். ஆனால் இரண்டு அநீதிகளும் வெவ்வேறு வடிவம் கொண்டவை, அந்த வடிவங்களின் நிழல் இன்றும் தொடர்கிறது.

கருவிக்கும் இதில் பங்கு உண்டு. வண்ணப்படச் சுருளின் வேதியியல் நெடுங்காலம் வெள்ளைத் தோலை அளவாகக் கொண்டே சீராக்கப்பட்டது. புகைப்பட அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைப் பெண்ணின் படமே இருந்தது. அடர்நிறத் தோலின் நுண்ணிய வேறுபாடுகள் அந்தச் சுருளில் இருளாகக் கலந்துபோயின. கோடக் தன் சுருளை மேம்படுத்தியபோது அதைத் தூண்டியவற்றுள், சாக்லேட்டின் பழுப்பையும் மரச்சாமான்களின் பழுப்பையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்ற விளம்பரதாரர்களின் புகார்களும் இருந்தன என்கிறது ஆய்வு. காமிக்ஸ் அச்சிலும் இதே கதைதான். 1963இல் மார்வெலின் போர்க்கதை ஒன்றில் கறுப்பின வீரனாகப் படைக்கப்பட்ட கேப் ஜோன்ஸின் தோலுக்கு, முதல் இதழில் வெள்ளையரின் நிறமே அச்சாகிவிட்டது. ‘அடர்நிற முகத்துக்கு ஒளியமைப்பது கடினம்’ என்ற பேச்சு இயற்கை விதியாகச் சொல்லப்பட்டாலும், யாருடைய முகத்துக்காக அந்தக் கருவி செய்யப்பட்டது என்பதன் விளைவே அது. 2016இல் ‘மூன்லைட்’ படமும் 2018இல் ‘பிளாக் பேந்தர்’ படமும் அடர்நிறத் தோலைத் திரையில் ஒளிரச் செய்தபோது அந்தப் பேச்சுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு

நிறப் படிநிலை ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி தாக்கினால், இதை இனப் பாகுபாட்டின் ஒரு கிளையாகக் கருதி விட்டுவிடலாம். சூப்பர்ஹீரோ படங்களின் வரலாறு அப்படி இல்லை. 1997இல் ‘ஸ்பான்’ படத்தில் மைக்கேல் ஜெய் வைட், 1998இல் ‘பிளேட்’ படத்தில் வெஸ்லி ஸ்னைப்ஸ், 2016இல் ‘லூக் கேஜ்’ தொடரில் மைக் கோல்டர், 2018இல் ‘பிளாக் பேந்தர்’ படத்தில் சாட்விக் போஸ்மன் என்று அடர்நிறமுள்ள ஆண்கள் கதையின் மையத்தில் நின்றிருக்கிறார்கள். ஆணின் கறுப்பை வலிமையின் அடையாளமாகவும் அச்சமூட்டும் கம்பீரமாகவும் சந்தை ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பிலும் ஒரு பழைய முன்முடிவு ஒளிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அவர்களுக்குக் கதவு திறந்தது.

பெண்களின் வரிசை வேறு. நாயகன் காதலிக்கும் பெண், நாயகனைக் கவரும் பெண் என்ற இடத்துக்குக் கறுப்பின நடிகை வரும்போது அங்கே நிற்பவர்கள் யார்? 2004இல் கேட்வுமனாக ஹாலி பெரி, 2022இல் அதே பாத்திரத்தில் ஜோயி கிராவிட்ஸ், ஸ்பைடர்மேன் படங்களில் ஸெண்டயா, ‘த ஃப்ளாஷ்’ படத்தில் கியர்ஸி கிளமன்ஸ். எல்லோரும் வெளிர்நிறத்தவர்கள் அல்லது கலப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அடர்நிறமுள்ள பெண்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் காவல், போர், ஆட்சி, தாய்மை ஆகிய இடங்கள். 2016இல் வயோலா டேவிஸ் ஏற்ற அமாண்டா வாலர் இரக்கமற்ற அரசு அதிகாரி. 2021இல் ‘லோகி’ தொடரில் வுன்மி மொசாகு ஏற்றது ஆணைக்குக் கட்டுப்பட்ட வேட்டைக்காரி. இவை நல்ல பாத்திரங்கள், நடித்தவர்கள் அரிய கலைஞர்கள். ஆனாலும் வலிமை அவர்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது, மென்மை அரிதாகவே கிடைக்கிறது. அடர்நிறமுள்ள பெண் பிறரைக் காப்பாற்றலாம். அவளை ஒருவர் நேசிப்பதாகக் கதை எழுதுவதற்குத்தான் தயக்கம்.

இந்தப் படிநிலை எழுத்து வடிவிலேயே அகப்பட்ட ஒரு தருணமும் உண்டு. 2014இல் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ என்ற படத்துக்குத் துணை நடிகைகளைத் தேடி வெளியான அறிவிப்பு, பெண்களை நான்கு தரமாகப் பிரித்தது. உச்சத்தில் அழகிகள், எந்த இனத்தவராகவும் இருக்கலாம், அடுத்து வெளிர்நிறத்தவர், கடைசித் தரத்தில் ஏழைகளாகவும் உடற்கட்டு இல்லாதவர்களாகவும் தோன்ற வேண்டிய கறுப்பினப் பெண்கள், தோல் மாநிறம் முதல் அடர்நிறம் வரை. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பு வெளியிட்டவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அது சூப்பர்ஹீரோ படம் அல்ல; கறுப்பின இசைக்கலைஞர்களின் வாழ்க்கைக் கதை. கறுப்பினத்தவரின் கதையைச் சொல்ல வந்த படத்திலேயே இந்தத் தரவரிசை ஏட்டில் ஏறியிருந்தது என்பதால்தான் அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

லுபிட்டா நியோங்கோவின் பாதையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘டுவெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்துக்காக 2014இல் ஆஸ்கர் விருது பெற்றார். அதே ஆண்டு ஒரு விழாவில், அடர்நிறத்துக்காகச் சிறுவயதில் தாம் பட்ட வேதனையை வெளிப்படையாகப் பேசினார். அதையடுத்து அவருக்குக் கிடைத்த மாபெரும் செலவிலான படங்கள் இரண்டு. 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கணினி வரைகலையால் உருவான வேற்றுலக முதியவள். 2016இல் ‘த ஜங்கிள் புக்’ படத்தில் தாய் ஓநாயின் குரல். உலகமே அழகு என்று போற்றிய முகம் இரண்டு படங்களிலும் திரையில் தெரியவில்லை. 2018இல் ‘பிளாக் பேந்தர்’ வந்தபோதுதான் அந்த முகம் காதலிக்கப்படும் பெண்ணின் முகமாக ஒரு சூப்பர்ஹீரோ படத்தில் நின்றது.

மறுப்புகளும் விடைகளும்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானவை சில உண்டு. நடிப்புக்குத் திறமைதான் அளவு, தோல் நிறம் அல்ல என்பது முதலாவது. கொள்கையாக இதை நான் முழுவதும் ஏற்கிறேன். திறமை மட்டுமே அளவாக இருந்திருந்தால் தேர்வுகள் நிறக்கோட்டின் இரண்டு பக்கமும் சிதறி விழுந்திருக்க வேண்டும். ஒரே பக்கம் குவிகிறதென்றால் திறமையோடு வேறொன்றும் அளக்கப்படுகிறது. நடிப்புத் திறமை வாய்ப்பில்தான் வளரும் என்பதையும் மறக்கலாகாது. சிறு வேடம் கிடைத்தவருக்குத்தான் அடுத்த பெரிய வேடத்துக்கான ஆடிஷன் அழைப்பு வரும். ‘எந்த இனமென்று பிரித்தறிய முடியாத தோற்றம்’ வேண்டும் என்று தேர்வு அறிவிப்புகள் கேட்கும் தொழிலில், அடர்நிறமுள்ள பெண் முதல் படியிலேயே நிறுத்தப்படுகிறார். பத்தாண்டு கழித்து ‘பெயர் தெரிந்த நடிகைகள்’ என்று பட்டியல் எடுத்தால் அதில் அவர் இருக்க மாட்டார்.

ஸ்டார்ம் கற்பனைப் பாத்திரம், வெண்முடியும் நீலக்கண்ணும் கொண்டவள், காமிக்ஸிலேயே அவளுடைய நிறம் ஓவியருக்கு ஓவியர் மாறியிருக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் உண்மையே. காமிக்ஸுக்கு வரிக்கு வரி விசுவாசமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், 2011இல் ‘தோர்’ படத்தில் நார்ஸ் தெய்வமான ஹெய்ம்டாலாக இட்ரிஸ் எல்பா நடித்ததை எதிர்த்தவர்களோடு நானும் நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஹெய்ம்டால் கறுத்ததால் திரையில் வெள்ளைத் தெய்வங்களுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. இங்கே ஸ்டார்ம் வெளுத்ததால், அடர்நிறமுள்ள பெண்ணுக்கென்று இருந்த மிகச் சில உயர்ந்த இடங்களில் ஒன்று குறைந்தது. மூலத்திலிருந்து விலகுவது தவறில்லை. விலகல் எந்தத் திசையில் போகிறது, யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதே கேள்வி. அடர்நிறத்தை நோக்கி விலகினால் என்ன நடக்கிறது என்பதையும் கண்டோம். 2018இல் ‘டைட்டன்ஸ்’ தொடரில் ஸ்டார்ஃபயராக நடித்தவர் செனகலில் பிறந்த ஆனா டியோப். காமிக்ஸில் ஸ்டார்ஃபயர் ஆரஞ்சு நிறத் தோல் கொண்ட வேற்றுலகப் பெண். எந்த மனித நிறமும் அவளுக்கு உரியதல்ல. அப்படியிருந்தும் டியோப்பின் தோலுக்காக அவர்மேல் வசைமழை பொழிந்தது.

மூன்றாவது மறுப்பை நான் மிகுந்த மதிப்போடு அணுகுகிறேன். ஹாலி பெரியும் ஷிப்பும் கறுப்பினத்தவர் இல்லையா, அவர்களைப் பார்த்து ‘போதிய கறுப்பு இல்லை’ என்று சொல்வது இன்னொரு கொடுமையல்லவா என்று கேட்கிறார்கள். அவர்கள் கறுப்பினத்தவர்கள்தாம், அதில் ஐயமே இல்லை. ஒரு துளிக் கறுப்பு ரத்தம் இருந்தாலே கறுப்பர் என்று சட்டம் எழுதிய நாட்டில் இனப் பாகுபாட்டின் அடியை அவர்களும் வாங்கியிருக்கிறார்கள். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைக் கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முதலில் பெற்றது 2002இல், அவர் ஹாலி பெரி. அந்த வெற்றி எல்லோருக்கும் சொந்தம். எனவே நடிகைகளை நோக்கி வீசப்படும் வசையை நான் முற்றிலும் மறுக்கிறேன். கேள்வி தேர்வு செய்தவர்களுக்கு உரியது, தேர்வானவர்களுக்கு அல்ல. ஆனால் வெளிர்நிறமுள்ள கலைஞர்களில் சிலரே இந்தப் படிநிலையை உரக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹாலிவுட் ஏற்றுக்கொள்ளத்தக்க கறுப்பினப் பெண்ணாகத் தாம் பார்க்கப்படுவதை 2018இல் ஸெண்டயா வெளிப்படையாகச் சொல்லி, அது மாற வேண்டும் என்றார். ‘பிளாக் பேந்தர்’ படத்துக்கான தேர்விலிருந்து தாமே விலகிக்கொண்டதாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் அதே ஆண்டு தெரிவித்தார். கலப்பினத்தவரான தம்மைவிட அடர்நிறத்தவர்களுக்கே அந்த இடம் உரியது என்று கருதினார். 2016இல் ‘நினா’ படத்தில் பாடகி நினா சிமோனாக நடிக்க முகத்தைக் கறுக்கச் செய்துகொண்ட ஜோயி ஸல்டானா, 2020இல் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அடர்நிறம் வேண்டியபோதுகூட ஒப்பனைப் பெட்டியைத் திறந்தார்களே தவிர அடர்நிற நடிகையைத் தேடவில்லை. சலுகையின் உள்ளே நிற்பவர்களே அதைப் பெயர்சொல்லிச் சுட்டும்போது, இது இனத்தைப் பிளக்கும் பேச்சு என்ற குற்றச்சாட்டு நிற்காது.

நான்காவது மறுப்பு சந்தை. அடர்நிற நாயகர்களை உலகச் சந்தை ஏற்காது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1998இல் ‘பிளேட்’ ஏறத்தாழ 4.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது; மார்வெல் பாத்திரங்களைத் திரையில் நம்பலாம் என்ற துணிவைத் தந்த முதல் வெற்றி அது. 2018இல் ‘பிளாக் பேந்தர்’ உலகெங்கும் 130 கோடி டாலரைத் தாண்டியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படமும் அதுவே. போஸ்மன் மறைந்த பிறகு 2022இல் வந்த இரண்டாம் பாகத்தை லெட்டீஷியா ரைட், லுபிட்டா நியோங்கோ, டனாய் குரிரா, ஏஞ்சலா பாஸெட், டொமினிக் தோர்ன் ஆகிய பெண்களே பெரிதும் தாங்கினார்கள். அதன் வசூல் 80 கோடி டாலருக்கு மேல். சந்தை மறுத்தது என்று சொன்னவர்கள் அதுவரை சந்தையைக் கேட்டதே இல்லை.

அப்படியானால் ‘பிளாக் பேந்தர்’ காட்டிய வகாண்டா நாட்டோடு சிக்கல் தீர்ந்துவிட்டதே என்பது கடைசி மறுப்பு. முன்னேற்றம் மெய்யானது. லஷானா லிஞ்ச், டியோனா பாரிஸ் ஆகிய அடர்நிற நடிகைகளுக்குக் கிடைத்த இடங்களும் அதற்குச் சாட்சி. ஆனால் வகாண்டா எப்படி உருவானது என்பதைப் பாருங்கள். இயக்குநர் ரயன் கூக்ளர் கறுப்பினத்தவர். உடை வடிவமைத்த ரூத் கார்ட்டரும் கலை இயக்கிய ஹானா பீச்லரும் கறுப்பினத்தவர்கள். இருவரும் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பெற்றார்கள். காலனி ஆதிக்கம் தொடாத ஆப்பிரிக்க நாடு என்பதே கதைக்களம். முடிவெடுக்கும் இருக்கையில் இருந்தவர்கள் மாறியதால் திரையில் இருந்த முகங்களும் மாறின. வகாண்டாவுக்கு வெளியே, நியூயார்க்கிலும் கோத்தம் நகரிலும் நடக்கும் கதைகளில் பழைய சாய்வு இன்னும் போகவில்லை. அடர்நிறமுள்ள பெண் கற்பனை நாட்டில் மட்டும் அரசியாகவும் காதலியாகவும் இருக்கலாம் என்றால், அது முழு விடுதலை ஆகாது.

இனி

இது அமெரிக்கருக்கு உரிய சிக்கல், நமக்கென்ன என்று இந்த அவையில் ஒருவர் கேட்கலாம். இந்தப் படங்கள் இன்று தமிழிலேயே பேசுகின்றன. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. நம் பிள்ளைகள் வீரம் என்பதற்கும் அழகு என்பதற்கும் முகம் கற்றுக்கொள்ளும் இடங்களில் இந்தப் படங்களும் ஒன்று. 2020இல் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உலகெங்கும் எழுந்தபோது, இந்தியாவில் 1975 முதல் விற்றுவந்த முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. நம்முடைய நிறப்பற்றுக்கு வேர்கள் வேறு. அமெரிக்க அடிமைமுறையின் வரலாற்றை அப்படியே நம்மேல் பொருத்துவது இரண்டுக்கும் அநீதி. ஆனால் கறுத்த நாயகனும் வெளுத்த நாயகியும் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. அதனால்தான் அங்கே நடக்கும் உரையாடலை நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகக் கேட்க முடியாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒரு பாத்திரத்துக்கு அடர்நிறம் பொருந்தும் என்றால் தேர்வு அறிவிப்பிலேயே அதை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பழக்கம் தன் விருப்பத்தை நிரப்பிக்கொள்ளும். தேர்வை நடத்துபவர்களிலும் அதை இறுதி செய்பவர்களிலும் கறுப்பினத்தவர், அதிலும் பெண்கள், இருக்க வேண்டும். கேமரா சோதனையை அடர்நிற முகத்தை வைத்தே தொடங்க வேண்டும். பன்முகத்தன்மை பற்றி ஆண்டுதோறும் கணக்கெடுப்பவர்கள் எத்தனை கறுப்பினத்தவர் என்பதோடு நின்றுவிடாமல், எந்த நிறத்தவருக்கு எந்த வகைப் பாத்திரம் என்றும் எண்ண வேண்டும். விமர்சகர்கள் நடிகையைக் கேட்பதை விட்டுத் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும்.

2019இல் ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியதோடு எக்ஸ்-மென் பாத்திரங்களின் திரை உரிமையும் ‘பிளாக் பேந்தர்’ எடுத்த அதே மார்வெல் ஸ்டுடியோவிடம் வந்து சேர்ந்தது. அடுத்து ஸ்டார்முக்கு நடிகை தேடும் பொறுப்பு அவர்களுடையது. கருவி இல்லை என்று சொல்ல முடியாது, பணம் வராது என்று சொல்ல முடியாது, நடிகைகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்றுக்கும் அவர்களே எதிர்ச்சான்று தந்துவிட்டார்கள். காரணங்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் அதே நிற எல்லைக்குள்தான் தேடுவார்கள் என்றால், இத்தனை காலம் சொல்லப்பட்டவை காரணங்களே அல்ல என்று நாம் முடிவு செய்யலாம். இடியையும் மின்னலையும் ஏவும் ஒரு பெண் கென்யத் தாயின் கறுப்பு நிறத்தோடேயே திரையில் நிற்பதைக் காணும் உரிமை, அந்த நிறத்தோடு பிறந்த ஒவ்வொரு சிறுமிக்கும் உண்டு. அந்த உரிமையை இரண்டாவது கேள்வியாகத் தள்ளிவைக்காமல் முதல் கேள்வியோடு சேர்த்தே கேட்போம்.